மணல் ஒட்டிய கைலியோடு தொழலாமா?

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் உள்ள அரியமான் கடற்கரைக்கு விடுமுறை நாளில் போனால், சவுக்கு நிழலில் சோற்றுப் பானையும் பாயுமாகப் பல குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். பையன்கள் பந்து விளையாடுவார்கள், கடலில் விழுந்து எழுவார்கள். மாலை 4 மணி சுமாருக்கு யாராவது ஒருவர் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்துவிட்டு அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு நிற்பார். கூட வந்தவர்களில் பலர் நிற்கமாட்டார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "உடுப்பெல்லாம் அழுக்காக இருக்கிறது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தொழுகிறேன்." வீடு போய்ச் சேர்வதற்குள் அடுத்த தொழுகையான மக்ரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும். அஸர் நேரம் தவறிக் கழாவாகிவிடும்.

நானும் சிறு வயதில் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். கரைவலை இழுப்பவர்களுக்குக் கை கொடுத்துவிட்டு, சட்டை முழுக்க மணலும் செதிலும் உப்புமாக வந்து நின்றபோது வாப்பா, "தொழுதுவிட்டாயா?" என்றார். சட்டையைக் காட்டினேன். அவர் அதன் நுனியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் நஜீஸ் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டு" என்றார். எவ்வளவு தேடியும் என்னால் ஓர் இடத்தைக்கூடக் காட்ட முடியவில்லை. "அப்படியானால் போய்த் தொழு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அழுக்கு வேறு, நஜீஸ் வேறு. உடைச் சுத்தம் பற்றிய சட்டத்தின் வாசல் இதுதான். அழுக்கு என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிக்காதது. நஜீஸ் என்பது மார்க்கம் அசுத்தம் என்று பெயர் சொல்லி ஒதுக்கியது. தொழுகை கூடுவதற்கு, அதாவது செல்லுபடியாவதற்கு, உடலும் உடையும் தொழும் இடமும் நஜீஸ் இல்லாமல் இருக்க வேண்டும். 'உம் ஆடைகளைத் தூய்மைப்படுத்துவீராக' என்கிறது குர்ஆன் (74:4). அழுக்கு இல்லாமல் இருப்பது நல்லது, அழகு, அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அது தொழுகையின் நிபந்தனை ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் நம் கரையில் எத்தனையோ பேருக்கு வெளியே போன நாளெல்லாம் தொழுகை தவறிய நாளாக முடிகிறது.

கடற்கரையில் ஒருவரின் உடுப்பில் என்னென்ன ஒட்டும் என்று எண்ணிப் பாருங்கள். மணல், சேறு, உப்பு பூத்த வெள்ளைத் தடம், வியர்வை, பாசி, மீன் செதில், மீனின் வழுவழுப்பு, படகின் டீசல், கிரீஸ், பெயின்ட். இவற்றில் எதுவும் நஜீஸ் இல்லை. செத்த மீன்கூட நஜீஸ் இல்லை. மற்ற பிராணிகள் முறைப்படி அறுக்கப்படாமல் செத்தால் அசுத்தம். மீனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஆகவே வலையில் கிடந்த சூடையோ நகரையோ கைலியில் உரசியது என்பதற்காகத் தொழுகையை ஒத்திப்போட வேண்டியதில்லை. பெயின்டிலும் கிரீஸிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவை உடையில் இருப்பதால் கெடுதல் இல்லை. கையிலோ காலிலோ படிந்து தண்ணீர் தோலில் படாமல் தடுத்தால் ஒளுக் கூடாது. படகு வேலை செய்கிறவர்கள் உடுப்பைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட விரல்களையும் நகங்களையும் பார்ப்பது முக்கியம்.

வாடை பற்றியும் சொல்ல வேண்டும். மீன் வாடை அடிக்கும் சட்டையில் தொழுகை கூடும். ஆனால் வெங்காயம், பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், ஜமாஅத்தில் பக்கத்தில் நிற்பவரை நினைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு போவது ஒழுக்கம். திறந்த கடற்கரையில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

சரி, நஜீஸ் எது? மூத்திரம், மலம், வாந்தி, இரத்தம், சீழ், மது, செத்த பிராணி, நாய், பன்றி. தொடங்குகிறவர்களுக்கு இந்தப் பட்டியலே பெரும்பாலும் போதும். இந்தக் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்ட வழியை)ப் பின்பற்றுகிறவர்கள் மிகுதி. உள்நாட்டு ராவுத்தர்களிடம் ஹனஃபி மத்ஹப். சில இடங்களில் இரண்டுக்கும் சட்டம் மாறும். ஆடு, மாடு, கோழியின் கழிவு எல்லாமே ஷாஃபிஈயில் நஜீஸ். ஹனஃபியில் ஆட்டு மூத்திரம் இலேசான நஜீஸ். அது படிந்தது துணியில் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் தொழுகை கூடிவிடும். கடினமான நஜீஸ் திரவமாக இருந்தால் உள்ளங்கைக் குழி அளவு வரை ஹனஃபியில் பொறுத்துக்கொள்ளப்படும், கழுவுவதே முறை என்றாலும். ஷாஃபிஈயில் இப்படி அளவு வைத்த சலுகை இல்லை. அங்கே வேறு வகையான மன்னிப்புகள் இருக்கின்றன: கண்ணுக்குத் தெரியாத அளவு தெறித்தது, கொசு இரத்தம், சிறிதளவு இரத்தம், தவிர்க்க முடியாத தெருச் சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடையும் மழைநீரும் கலந்து ஓடும் சந்துகளில் நடந்து போகிறவருக்கு இந்தக் கடைசிச் சலுகையின் அருமை தெரியும். நஜீஸ் தனித்துத் தெரியும்படி ஒட்டியிருந்தால் மட்டும் கழுவ வேண்டும்.

மீன் இரத்தம் எந்தக் கணக்கில் வரும் என்று பலர் கேட்கிறார்கள். பாறை மீனையோ சீலா மீனையோ வெட்டும்போது சட்டையில் தெறிக்கும் சிவப்பு நம் ஊரில் அன்றாடக் காட்சி. ஹனஃபியில் அது நஜீஸ் இல்லை. ஷாஃபிஈயில் நஜீஸ் என்பதே வலுவான கருத்து. நஜீஸ் இல்லை என்ற கருத்தும் அதே மத்ஹபுக்குள் உண்டு. இரண்டு சொட்டுத் தெறித்திருந்தால் அது மன்னிக்கப்பட்ட சிறிதளவில் அடங்கும். மார்புப் பக்கம் முழுக்க ஊறியிருந்தால் கழுவிவிட்டுத் தொழுங்கள். சிப்பி கிழித்துக் காலில் இரத்தம் வந்தால்? ஷாஃபிஈயில் அதனால் ஒளு முறியாது. தன் காயத்திலிருந்து கசிந்தது அந்த இடத்தில் இருக்கும்வரை மன்னிப்பும் உண்டு. ஹனஃபியில் இரத்தம் வழிந்து ஓடினால் ஒளு முறியும், திரும்பச் செய்ய வேண்டும்.

இனி, இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்: உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்காது. தொழுகையில் வயிற்றுக்குள் ஏதோ போலத் தோன்றி, காற்றுப் பிரிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டவருக்கு, சத்தத்தைக் கேட்கும்வரை அல்லது வாடையை உணரும்வரை தொழுகையை விட்டு வெளியேற வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதிலிருந்து அறிஞர்கள் வகுத்த விதி இது. காலையில் துவைத்த கைலியைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். அது சுத்தம் என்பது உறுதி. 'மணலில் உட்கார்ந்தேனே, அங்கே நாய் படுத்திருக்குமோ, யாராவது அசிங்கம் செய்திருப்பார்களோ' என்பது சந்தேகம். நிறத்தையோ வாடையையோ பொருளையோ கண்டால்தான் நஜீஸ். காணவில்லை என்றால் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். மார்க்கத்தில் பேணுதலாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இந்தச் சந்தேகத்திலேயே சிக்கி, ஒரு தொழுகைக்கு மூன்று முறை உடுப்பு மாற்றுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாகவும் தூய்மை தருவதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது அவர்கள் நெஞ்சைக் குளிர்விக்க வேண்டிய சொல்.

இதோடு சேர்ந்தது ஈரம், உலர்வு பற்றிய விதி. காய்ந்த நஜீஸ் காய்ந்த துணியைத் தொட்டால் துணி அசுத்தமாகாது. சவுக்குத் தோப்பில் ஆடு மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் காய்ந்த புழுக்கைகள் கிடக்கும். அவற்றின்மேல் உட்கார்ந்து எழுந்து உதறிவிட்டால் கைலி பழையபடி சுத்தம்தான். கைலி ஈரமாக இருந்தாலோ புழுக்கை ஈரமாக இருந்தாலோ சட்டம் மாறும். தொழும்போது மட்டும் உடலோ உடையோ அவற்றின்மேல் படக்கூடாது. காலால் ஒதுக்கிவிட்டு நிற்கலாம், அல்லது மேலே ஒரு பாயை விரித்துக்கொள்ளலாம். அடியில் நஜீஸ் இருந்து, அதன் ஈரம் மேலே ஊறாமல் பாயின் மேற்புறம் சுத்தமாக இருந்தால் தொழுகை கூடும். ஓர் ஓலைப்பாய் எவ்வளவு கவலையைத் தீர்க்கிறது பாருங்கள்.

நாய்க்கும் இதே கணக்குத்தான். காய்ந்த நாய் காய்ந்த கைலியை உரசிக்கொண்டு போனால் ஒன்றுமில்லை. அதன் ஈர மூக்கோ நாக்கோ பட்டால் ஷாஃபிஈயில் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கரைத்த நீரால். ஹனஃபியில் நாயின் உமிழ்நீர்தான் நஜீஸ், மூன்று முறை கழுவினால் போதும். கடற்கரையில் நின்றுகொண்டு ஏழு முறை கழுவுவதைவிட மாற்றுக் கைலியைக் கட்டிக்கொள்வது எளிது. அப்படிச் செய்தால் நனைந்த கைலியைத் தனியாக ஒரு பையில் போட்டு வையுங்கள்.

உண்மையிலேயே நஜீஸ் பட்டுவிட்டது, கழுவ வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற மாவட்டம் இது. குடிக்கக் கொண்டுவந்த ஒரு பாட்டில் தண்ணீரைத் துணியில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. இதே கவலையோடுதான் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். நாங்கள் கடலில் போகிறவர்கள், கொஞ்சம் தண்ணீர்தான் எடுத்துப் போகிறோம், அதில் ஒளுச் செய்தால் தாகத்தில் வாடுவோம், கடல்நீரில் ஒளுச் செய்யலாமா என்று கேட்டார். அதன் நீர் தூய்மை செய்யக்கூடியது, அதில் செத்ததும் உண்ண ஆகுமானது என்று பதில் வந்தது. அபூதாவூத், திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ள இந்த நபிமொழியைப் படிக்கும்போதெல்லாம், பாம்பனிலிருந்தோ வேதாளையிலிருந்தோ போன ஒருவர் நமக்காகக் கேட்டது போலவே எனக்குத் தோன்றும். கடல்நீரில் ஒளுக் கூடும், கடமையான குளிப்பு நிறைவேறும், நஜீஸ் நீங்கும். சோப்பு வேண்டியதில்லை. உப்பு காய்ந்து துணி விறைப்பாக நின்றாலும் சட்டப்படி அது தூய்மையான துணி. கண்ணெதிரே கடல் இருக்கும்போது தண்ணீர் இல்லை என்று சொல்லித் தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை) செய்ய வழியில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதோடு, தயம்மும் ஒளுவுக்கும் குளிப்புக்கும் பதிலாக நிற்குமே தவிர, துணியில் பட்ட நஜீஸை நீக்காது.

கழுவும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஷாஃபிஈ சட்டப்படி இரண்டு 'குல்லத்' அளவுக்கு, அதாவது சுமார் 200 லிட்டருக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் அசுத்தமாகிவிடும். ஒரு வாளி நீரில் அசுத்தமான துணியை அப்படியே முக்கினால் வாளியும் கெடும், துணியும் சுத்தமாகாது. தண்ணீரைத் துணியின்மேல் ஊற்ற வேண்டும். சட்டையின் தோளில் காக்கை எச்சம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சவுக்குக் குச்சியால் எச்சத்தை வழித்து எறியுங்கள். சட்டையைக் கழற்றி, எச்சம் பட்ட இடம் மட்டும் இரண்டு கைகளுக்கு நடுவே விரிந்து நிற்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் மேலிருந்து மெல்ல ஊற்றட்டும். தண்ணீர் துணியின் ஊடாகக் கீழே மணலில் விழ வேண்டும், மடிப்பில் தேங்கக் கூடாது. கட்டைவிரலால் தேய்த்து மறுபடி ஊற்றுங்கள். விழும் நீர் தெளிவாக விழுகிறதா, துணியில் நிறம் போய்விட்டதா, வாடை போய்விட்டதா என்று பாருங்கள். போய்விட்டால் வேலை முடிந்தது. அரை பாட்டில் தண்ணீர்கூடச் செலவாகியிருக்காது. கடல் பக்கத்தில் இருந்தால் இந்தச் சிரமமும் வேண்டாம். கடலுக்கு அளவு ஏது? துணியை அலையில் முக்கி அலசி எடுத்தால் போதும்.

தேய்த்தும் போகாத கறை தங்கிவிட்டால் கவலைப்பட வேண்டாம். மாதவிடாய் இரத்தம் ஆடையில் பட்டால் என்ன செய்வது என்று கேட்ட பெண்ணுக்கு, அதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, அலசிவிட்டு அதிலேயே தொழலாம் என்று வழி காட்டப்பட்டது. கறை போகவில்லையே என்று கேட்ட மற்றொரு பெண்ணுக்கு, தண்ணீர் போதும், தடம் இருப்பதால் தீங்கில்லை என்று பதில் கிடைத்தது. பெண்கள் கூச்சப்படாமல் கேட்டதால் உலகத்துக்கே கிடைத்த சட்டங்கள் இவை. நம் கரையிலும் இவற்றைத் தாய்மொழியில் எழுதிவைத்தவர்கள் இருந்தார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதினார். அரபு எழுத்து தெரிந்து, அரபு மொழி தெரியாதவர்களும் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வரும் தாய்மார்களுக்கு இரண்டு செய்திகள். பாலைத் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையின் மூத்திரம் பட்ட இடத்தில் ஷாஃபிஈ சட்டப்படி தண்ணீர் தெளித்து நனைத்தாலே போதும். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் கைக்குழந்தை நபி (ஸல்) அவர்களின் ஆடையில் சிறுநீர் கழித்தபோது, அவர்கள் தண்ணீரை வாங்கித் தெளித்தார்கள், கழுவவில்லை. கஞ்சியோ கூழோ உணவாக ஊட்டத் தொடங்கிவிட்ட குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் இது பொருந்தாது, கழுவ வேண்டும். அடுத்தது, உடையில் நஜீஸ் இல்லாமல் இருந்தாலும் நஜீஸைச் சுமந்துகொண்டு தொழக் கூடாது. நனைந்த டயப்பரோடு இருக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழுதால் கூடாது. காயம் துடைத்த இரத்தத் துணியைச் சட்டைப் பையில் மறந்து வைத்திருப்பதும் இப்படித்தான். தக்பீர் கட்டித் தொழத் தொடங்குவதற்கு முன் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்து விளையாடும் தம்பிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். மண் ஒட்டியதற்காகத் தயங்குகிற நீங்கள் கால்சட்டையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைந்திருக்க வேண்டும். ருகூவுக்குக் குனியும்போதும் மறைந்திருக்க வேண்டும். தொடை தெரியும் கால்சட்டை எவ்வளவு சுத்தமாக வெளுத்திருந்தாலும் அதில் தொழுகை கூடாது. நனைந்த வெள்ளை வேட்டியும் அப்படியே: தோலின் நிறம் வெளியே தெரிந்தால் மறைத்ததாக ஆகாது. மண் படிந்த கெட்டியான கைலி இந்த இரண்டையும்விட மேல். பெண்களுக்கு முகமும் மணிக்கட்டு வரை கைகளும் தவிர மற்ற அனைத்தும், ஷாஃபிஈயில் பாதங்களும், மறைய வேண்டும். மேலே போர்த்த ஒரு துப்பட்டியும் தலையை மறைக்க மக்கன்னாவும் ஒரு ஜோடி காலுறையும் பையில் இருந்தால் உடுத்திய சேலை நனைந்ததா, மணல் படிந்ததா என்று பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் கடற்கரைக்குப் புறப்படும்போது சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் இந்தப் பை வாசலுக்கு வந்துவிடும். உள்ளே ஒரு கைலி, ஒரு துப்பட்டி, ஓலைப்பாய், பழைய பாட்டிலில் ஒளுவுக்குத் தண்ணீர்.

இத்தனையும் பார்த்துத் தொழுது முடித்தபிறகு சட்டையின் பின்பக்கத்தில் எச்சம் இருந்தது தெரிந்தால் என்ன செய்வது? தொழுகைக்குப் பிறகுதான் பட்டிருக்கக்கூடும் என்று இருந்தால் தொழுகை கூடிவிட்டது. இங்கேயும் சந்தேகத்துக்கு இடமில்லை. தொழும்போதே இருந்தது உறுதி என்றால், ஷாஃபிஈயின் வலுவான கருத்துப்படி கழுவிவிட்டுத் திரும்பத் தொழ வேண்டும். தெரியாமல் நடந்ததற்குத் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுதுகொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றி வைத்தார்கள், அதில் அசுத்தம் இருப்பதை ஜிப்ரீல் (அலை) அறிவித்தார் என்று காரணமும் சொன்னார்கள்; அதற்கு முன் தொழுத பகுதியை மறுபடி தொழவில்லை என்பது அவர்கள் காட்டும் ஆதாரம். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். அஸர் நேரத்திலேயே தொழுதிருந்தால் திரும்பத் தொழவும் பெரும்பாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.